நீரற்ற மஞ்சள்

களஞ்சிய அறையின் இரண்டாம் தட்டில், கதவுக்கு இடப்புறமாக, ஒரு மண்ணிறப் போத்தல் இருந்தது. கழுத்தில் மெழுகு வழிந்து காய்ந்திருக்கும். லேபிளின் ஒரு மூலையைக் கரப்பான் தின்றிருந்தது. மிஞ்சிய ஆங்கில எழுத்துகளைக் கூட்டினால் யுரேனைல் நைத்திரேற்று என்று வாசிக்கலாம். உள்ளே எலுமிச்சம்பழ நிறத்தில் பளிங்குகள். யன்னலுக்கு நேரே பிடித்தால் ஓரங்களில் பச்சையாக ஒரு மினுக்கம் ஓடும். எப்போதோ ஒரு விரிவுரையாளர் ஆராய்ச்சிக்கென்று வருவித்தது. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அவர் வெளிநாடு போனார், திரும்பவில்லை. போத்தல் நின்றுவிட்டது. ஒருமுறை பொருட்களைச் சரிபார்க்க வந்த அலுவலக ஐயா லேபிளை வாசித்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து, "பிள்ளை, உது வெடிக்குமோ?" என்று கேட்டார். "வெடிக்காது ஐயா, குடிச்சாத்தான் சிறுநீரகம் பழுதாகும்" என்றேன். "ஆர் உதைக் குடிக்கிறது!" என்று சொல்லிக்கொண்டு, எட்ட நின்றபடியே தன் புத்தகத்தில் குறித்துவிட்டுப் போனார்.

நான் அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து இரசாயனவியல் துறையில் தற்காலிகச் செய்முறை விளக்குநர். பெயர்தான் பெரிது. மாணவர்கள் அமிலத்தைக் கையில் ஊற்றாமல் பார்ப்பதும், ஊற்றிக்கொண்டால் குழாயடிக்கு இழுத்துப் போவதும், பிறகு அவர்களின் கொப்பிகளைச் சிவப்புப் பேனையால் வெட்டுவதும்தான் வேலை. உடுவிலிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். இப்போது அறுபது கடந்துவிட்டது. உருகி உருகி எழுத எனக்கு வராது. அந்த வருடங்களை நினைக்கும்போது மரத்துப்போன காலைத் தொடுவது மாதிரித்தான் இருக்கிறது. கால் இருப்பது தெரியும், அவ்வளவுதான். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அந்தப் போத்தலைத் திறந்தவர் அண்ணை. கூடப் பிறந்தவரில்லை, சொந்தமுமில்லை. எனக்கு இரண்டு வருடம் முன்னால் அதே துறையில் படித்து, அங்கேயே உதவி விரிவுரையாளராகி, முதுமாணிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மயிலிட்டிக்காரர். தகப்பன் கடலுக்குப் போய்வந்து பிள்ளையைப் படிப்பித்தவர். பிள்ளையோ நீந்தத் தெரிந்தும் கடலுக்குள் இறங்காத ஆள். மெலிந்து நீண்ட விரல்கள். ஒரு திரவத்தை ஊற்றும்போது பேசவே மாட்டார், பக்கத்தில் யாராவது கதைத்தால் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கதை முடியும்வரை சிலை மாதிரி நிற்பார். அந்த நிலையில் அவரை நிறுத்திவைப்பதற்கென்றே நாங்கள் கதைத்த நாட்களும் உண்டு. கோபம் வராது. "முடிஞ்சுதோ?" என்று கேட்டுவிட்டு மிச்சத்தை ஊற்றுவார்.

யுரேனியம் என்றதும் எல்லாருக்கும் குண்டுதான் ஞாபகத்துக்கு வரும். எங்களுக்கு அது கனமான, பருத்த ஓர் அணு, அவ்வளவுதான். அதன் தலைமாட்டில் ஓர் ஒட்சிசன், கால்மாட்டில் ஓர் ஒட்சிசன். அவை இரண்டும் நேர்கோட்டில் இறுகப் பிடித்திருக்கும், இலேசில் விடா. இடுப்பைச் சுற்றித்தான் மற்றவர்களுக்கு இடம். அங்கே நைத்திரேற்றுகள் ஆளுக்கு இரண்டு இடம் பிடித்துக்கொள்ள, இன்னும் இரண்டு இடம் மிஞ்சும். அதில் யார் வந்து இருப்பது என்பதுதான் அண்ணையின் கேள்வி. தண்ணீர் உள்ள இடத்தில் அந்தக் கேள்விக்கே வேலையில்லை, தண்ணீர் வந்து இருந்துவிடும். தண்ணீரே இல்லாத கரைப்பானில் வைத்து, வேறொரு மூலக்கூறைக் கொண்டுவந்து அங்கே இருத்தினால், பிணைப்பு எவ்வளவு இறுக்கம், தலைமாட்டு ஒட்சிசன்களின் பிடி கொஞ்சமாவது தளர்கிறதா என்று பார்க்கலாம். அண்ணை தானே தயாரித்த ஒரு சேர்வையை இருத்த நினைத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் விருந்தாளி. எங்களுக்குத் தெரிந்த அளவில், உலகத்தில் வேறு யாரும் அதை அங்கே இருத்திப் பார்த்திருக்கவில்லை.

"தண்ணியை மட்டும் நம்பக்கூடாது" என்பார். "கதவைப் பூட்டினா ஓட்டையாலை வரும். ஓட்டையை அடைச்சா உம்மடை மூச்சாலை வரும்." கடற்கரையில் பிறந்தவர் வாயிலிருந்து இது வரும்போது சிரிப்பாக இருக்கும். சிரித்தும் இருக்கிறோம்.

தொண்ணூறாம் ஆண்டு நடுப்பகுதியில், பலாலி இராணுவ முகாமைச் சுற்றிச் சண்டை தொடங்க, மயிலிட்டிச் சனம் முழுக்க உடுத்த உடுப்போடு எழும்பி வந்தது. அண்ணையும் தாயும் உடுவிலில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில், ஒருவருடைய புகையிலைக் குடிலைத் துப்புரவாக்கி இருந்தார்கள். தகப்பன் அதற்கு முதலே காலமாகியிருந்தார். அதே வருடத்தில் மின்சாரம் நின்றது. பிறகு அரசாங்கம் போட்ட தடையால் எரிபொருள், பற்றரி, சவர்க்காரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வருவது நின்றது. பல்கலைக்கழகம் மூடும், திறக்கும், மூடும். செந்நிறக்கீழ் நிறமாலை எடுக்கும் கருவி மேசையில் துணி போர்த்தியபடி கிடந்தது. ஒரு சேர்வைக்குள் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று ஒரு கோட்டில் காட்டிவிடக் கூடிய கருவி அது. ஆராய்ச்சியை விட்டுவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். துறைத்தலைவரே கூப்பிட்டுச் சொன்னார், விடலாம், யாரும் குறைசொல்ல மாட்டார்கள் என்று.

அவர் விடவில்லை. தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றுக் காலத்துக்குக் காத்திருந்தார். மாரியில் கையே வைக்கமாட்டார். ஆனி, ஆடியில், மத்தியானம் வெயில் உச்சிக்கு வந்து காற்று காயும் நேரம் பார்த்து, விரலை நனைத்து யன்னலுக்கு வெளியே நீட்டுவார். விரல் எவ்வளவு கெதியாகக் காய்கிறது என்பதுதான் அவருடைய ஈரமானி. "இண்டைக்கு ஏலாது, கொண்டல் அடிக்குது, ஈரக்காத்து" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தோடு போய்விடும் நாட்களே அதிகம். பழைய மீன்பெட்டிப் பலகையிலும் யன்னல் கண்ணாடியிலும் ஒரு பெட்டி செய்து, கை நுழைக்க இரண்டு துளை விட்டு, சத்திரசிகிச்சைக் கையுறைகளை அதில் ஒட்டினார். பெட்டிக்குள் காற்றை உலர்த்த எதுவும் இல்லை. சைக்கிளில் சுண்ணாம்புச் சூளைக்குப் போனார். சூளையைப் பிரிக்கும் அன்றைக்கே போய், சூடு ஆறுவதற்கு முன், நீறாத சுண்ணாம்புக் கல்லைப் பிஸ்கற் தகரத்தில் அடைத்து மெழுகால் மூடிக் கொண்டுவருவார். சுட்ட சுண்ணாம்பு தண்ணீருக்கு அலைகிற சாமான், பெட்டிக்குள் வைத்தால் இருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும். யாழ்ப்பாணத்து மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல்தானே. "உவங்கள் எதை நிப்பாட்டினாலும் கல்லை நிப்பாட்டேலாது" என்று ஒரு சிரிப்புச் சிரித்தார். அவர் சட்டைக் கை எப்போதும் வெள்ளையாக இருந்தது அப்படித்தான்.

அந்த நாட்களில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டில், யுரேனியச் சேர்வைகளையே வாழ்க்கையாக வைத்திருந்த ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார். அண்ணை கையால் எழுதி அனுப்பிய பத்துப் பக்கத்தை வாசித்திருக்கிறார். உங்கள் சேர்வையில் விருந்தாளி இருந்து, தண்ணீர் இல்லை என்று காட்ட முடிந்தால், கலாநிதிப் பட்டத்துக்கு என்னிடம் இடம் இருக்கிறது, மாதிரியை அனுப்புங்கள், மிச்சத்தை நாங்கள் அளக்கிறோம் என்றிருந்தது. அண்ணை கடிதத்தை இரண்டு நாள் யாருக்கும் காட்டவில்லை. மூன்றாம் நாள் என் மேசையில் வைத்துவிட்டு, நான் வாசிக்கும்வரை சுவரைப் பார்த்தபடி நின்றார். அன்று பின்னேரம் அவருடைய தாய் எங்கள் வீட்டுக்கு வந்தா. வந்து, வாசல் படலையில் நின்றபடியே, "என்ரை பிள்ளை மஞ்சள் அரைச்சே வெளிநாடு போகப்போறானாம், கேட்டியளே?" என்றா. "போனா என்னையும் கூப்பிடுவான். எந்தக் கடலெண்டாலும் பரவாயில்லை, கடல் இருக்கிற ஊராப் பாக்கச் சொன்னனான்." அந்த மனிசி குடிலுக்கு வந்தபிறகு சிரித்து நான் கண்டது அந்த ஒருநாள்தான்.

அந்த வருடச் சோளகத்தில் அவர் செய்தது சரியாக வந்தது. வந்தது போலத்தான் இருந்தது என்று சொல்லவேண்டும். கரைப்பானைச் சோடியக் கம்பிபோட்டு வாரக்கணக்கில் உலர்த்தி, பெட்டிக்குள் கலந்து, மேலே பெற்றோலியம் ஈதரைச் சொட்டுச் சொட்டாக மிதக்கவிட்டார். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஐந்தாம் நாள் பளிங்கு கட்டியது. பழைய போத்தலின் எலுமிச்சை நிறமில்லை. முட்டைக்கருவின் மஞ்சள். அதில் ஒரு பங்கை நிறுத்து, பீங்கான் கிண்ணத்தில் போட்டுக் கரியடுப்பில் கறுப்பு ஒட்சைட்டாகும்வரை எரித்து, மறுபடி நிறுத்தார். யுரேனியம் எவ்வளவு வீதம் என்று அதில் தெரியும். எதிர்பார்த்த எண்ணுக்குக் கிட்ட வந்தது. கிட்ட வருவது போதாது, விருந்தாளியோடு கொஞ்சம் தண்ணீர் ஒட்டியிருந்தாலும் அந்த எண் அவ்வளவாக மாறாது. கருவியில் ஏற்றினால்தான் ஆள் யாரென்று தெரியும். எரித்ததுபோக மிஞ்சியதை இரண்டு சிறு கண்ணாடிக் குழாய்களில் நிரப்பி, ரப்பர் அடைப்போடு நகை செய்யும் பத்தர் ஒருவரிடம் கொண்டுபோனோம். பத்தர் ஊதுகுழலால் விளக்குச் சுவாலையைக் குவித்துக் குழாயின் கழுத்தை உருக்கி இழுத்து மூடினார். சின்ன விரலின் பாதிப் பருமன். இரண்டு பக்கமும் மூடிய கண்ணாடி, உள்ளே மஞ்சள்.

அதை வெளியே கொண்டுபோக நான்தான் இருந்தேன். அண்ணை வயது ஆண்பிள்ளைக்கு இந்தப் பக்கம் இயக்கத்திடம் வெளியேறும் பாஸ் கிடைக்காது, கிடைத்து அந்தப் பக்கம் போனாலும் இராணுவம் பிடித்து வைத்துவிடும். பெண்பிள்ளையான எனக்குக் கொழும்பில் அக்காவின் பிள்ளைப்பேறு என்று ஒரு காரணம் இருந்தது. அக்கா வெள்ளவத்தையில் இருந்தா. குழாய்களைப் பஞ்சில் சுற்றித் தந்தபோது அண்ணை சொன்னது, "எதையும் துலைச்சிட்டு வாரும், உதை மட்டும் உடைச்சுப்போடாதேயும். காத்துப் பட்டால் அரை மணித்தியாலத்திலை தண்ணி குடிச்சிடும். பிறகு அது வேறை சாமான்." இதை எனக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்கு அது தெரியும். அதுதான் இந்தக் கதையில் என்னால் எந்தச் சாட்டும் சொல்லமுடியாத இடம்.

கடனீரேரியைக் கடக்கும் கொம்படிப் பாதையால் மற்றச் சனத்தோடு போனேன். உழவு இயந்திரப் பெட்டியில் கொஞ்சத் தூரம், பிறகு முழங்கால் அளவு உப்புச் சேற்றில் நடை, பிறகு மறுபடி உழவு இயந்திரம். இந்தப் பக்கச் சாவடியில் பையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விட்டார்கள். வவுனியாவுக்கு முன்னால், அந்தப் பக்கச் சோதனைக்காக ஒரு பள்ளிக்கூடக் கொட்டகையில் சனம் காத்திருந்தது. நேரம் மத்தியானம், புழுக்கம். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் கையில் பஞ்சுச் சுருளைக் கண்டு, "என்ன பிள்ளை அது?" என்று கேட்டா. ஆய்வுகூடச் சாமான் என்று விரித்துக் காட்டினேன். அந்த அம்மாவின் முகம் செத்துப்போனது. "ஐயோ பிள்ளை, உதோடையோ போறாய்? கண்ணாடியைக் கண்டா உன்னை என்னெண்டு நினைப்பாங்கள்?" என்று காதுக்குள் சொன்னா. சொன்னபிறகுதான் எனக்கு விளங்கியது. இயக்கத்துப் பிள்ளைகளின் கழுத்தில் நஞ்சு அடைத்த கண்ணாடிக் குப்பி ஒன்று தொங்கும், பிடிபட்டால் கடிப்பதற்கு. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சாமான் அது. இரண்டு பக்கமும் உருக்கி மூடிய, விரலளவு கண்ணாடி, உள்ளே தூள். இருபத்தேழு வயதுப் பெண்பிள்ளை. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறாள். வாரக்கணக்காக நாங்கள் தண்ணீரைப் பற்றியே யோசித்தோம். எங்கள் இரண்டு பேருக்கும், பத்தருக்கும்கூட, இது ஒரு கணமும் தோன்றவில்லை. அவ்வளவு தூரம் நாங்கள் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறோம்.

எறிந்திருக்கலாம். எறிந்துவிட்டு, எறிந்தேன் என்று வந்து சொல்லியிருக்கலாம். நான் செய்தது வேறு. கொட்டகைக்குப் பின்னால் போய், கைலேஞ்சிக்குள் வைத்துக் கல்லால் தட்டி இரண்டையும் உடைத்தேன். அக்காவின் குழந்தைக்கென்று அம்மா ஒரு சிமிழில் கோரோசனை தந்துவிட்டிருந்தா. அதை நிலத்தில் கொட்டிவிட்டு, கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கித் தள்ளி, தூளைச் சிமிழுக்குள் போட்டேன். உடைத்த கணத்தில் அது முட்டைக்கரு நிறத்தில்தான் இருந்தது. சாவடியில் சிப்பாய்ப் பெண் சிமிழைத் திறந்து மணந்து பார்த்தபோது, குழந்தைக்கு மருந்து என்று கையால் சைகை காட்டினேன். அவள் சிரித்துவிட்டு மூடித் தந்தாள். கொழும்பு போய்ச் சேர இரண்டு நாள். திறந்து பார்த்தேன். எலுமிச்சம்பழ நிறம்.

அக்கா வீட்டில் பிள்ளை பிறந்த சந்தோஷத்துக்கு நடுவில், யன்னல் வெளிச்சம் வேறு மாதிரி, அதனால்தான் நிறம் வேறாகத் தெரிகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உலர்த்தினால் தண்ணீர் போய்விடும், விருந்தாளி மறுபடி இடத்தில் இருந்துவிடுவான் என்றும் சொல்லிக்கொண்டேன். மாணவன் ஒருவன் அப்படிக் கொப்பியில் எழுதியிருந்தால் பக்கத்தையே கிழித்திருப்பேன். தெரிந்த ஒருவரின் ஆய்வுகூடத்தில் ஒரு இரவு உலர்த்திப் பார்த்தேன். நிறம் மாறவில்லை. கண்ணாடி ஊதும் ஒருவரைக் கொண்டு இரண்டு புதுக் குழாய்களில் அதே அளவுக்கு மூடுவித்து, அண்ணையின் கடிதத்தோடு தபாலில் போட்டேன். சிமிழை எறிந்துவிட்டேன், அந்தளவு அறிவு இருந்தது. திரும்பி வந்ததும் அண்ணை கேட்டது ஒரே கேள்வி. "உடையாமல் போச்சுதோ?" "ஓம் அண்ணை" என்றேன்.

பதில் வர ஏழெட்டு மாதம் எடுத்தது. மிக மரியாதையான கடிதம். நிறமாலையில் தண்ணீரின் அகன்ற மேடு தெளிவாகத் தெரிகிறது, யுரேனியத்தின் இடுப்பில் இருப்பது விருந்தாளியல்ல, தண்ணீர்தான் என்று படத்தோடு எழுதியிருந்தார். ஆனாலும் உங்கள் நிலைமை எனக்கு விளங்குகிறது, இடத்தை இன்னும் ஒரு வருடம் வைத்திருக்கிறேன், மறுபடி செய்து அனுப்புங்கள் என்றும் இருந்தது. அண்ணை படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "எங்கையோ ஒழுகுது" என்றார். "எங்கை எண்டு தெரியாமல் இன்னொருக்கா அனுப்பினா அது அந்த மனிசனை ஏமாத்திறது."

அந்த வருடம் முழுக்க அவர் ஒழுக்கைத் தேடினார். எனக்கு இதுதான் எழுதக் கடினமாக இருக்கிறது, கடினம் என்றால் அழுகை வருவதால் அல்ல, வராததால். ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். அவர் திட்டியிருப்பார், இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்திருப்பார், மூன்றாம் நாள் புதிதாகச் செய்ததை வேறு யாரிடமாவது, வேறு ஏதாவது சாமானில் அடைத்து அனுப்பியிருப்பார். நான் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்வோம் என்று போவேன், அவர் பெட்டிக்குள் கையை விட்டபடி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார், நான் குழாய்களைக் கழுவத் தொடங்குவேன். அவர் போகாமல் இருக்கவேண்டும் என்று எனக்குள் ஏதும் ஆசை இருந்ததா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இல்லை. வெட்கம்தான், கேவலம் பிடித்த வெட்கம். கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள் பயத்தில் செய்த முட்டாள்வேலையைச் சொல்ல வாய் வரவில்லை. முதல் மாதம் சொல்லாதது இரண்டாம் மாதம் இரட்டிப்பாகியது.

ஐந்து தரம் செய்தார். ரப்பர் அடைப்பு எல்லாவற்றையும் மாற்றினார். கரைப்பானை இரண்டு தரம் உலர்த்தினார். சுண்ணாம்பை வேறு சூளையில் எடுத்தார். பெட்டியின் மூலைகளுக்குத் தார் பூசினார். தன் மூச்சுத்தான் காரணமோ என்று முகத்தில் ஈரத்துணி கட்டி, ஈரத்துணி கூடாதென்று பிறகு காய்ந்த துணி கட்டினார். ஒவ்வொரு தரமும் முட்டைக்கரு மஞ்சளில் பளிங்கு கட்டியது. ஒவ்வொரு தரமும் எரித்து நிறுத்தால் அதே எண் வந்தது. "பாத்தீரோ, பிழையும் ஒரே மாதிரி வருது" என்றார். "அப்ப தராசும் எனக்குப் பொய் சொல்லுது." தன் கையை நம்புவதா, வெளிநாட்டுக் கருவி கீறிய கோட்டை நம்புவதா என்று வந்தபோது அவர் கோட்டை நம்பினார். நான் படிப்பித்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்தக் கிழமைகளில் யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கமும் பலாலிப் பக்கமும் செல் விழும், குண்டு போடும் விமானம் வரும், பங்கருக்குள் இறங்குவோம், ஏறுவோம், அவர் விட்ட இடத்திலிருந்து ஊற்றுவார்.

ஐந்தாவது தரம் முடிய, களஞ்சிய அறைப் போத்தலில் மஞ்சள் முடிந்தது. கழுவிய தண்ணீரையும் வற்றவைத்துப் பார்த்தார், ஒரு கரண்டி வரவில்லை. அடுத்தநாள் காலையில் ஒரு தாளோடு வந்து, "உம்மடை இங்கிலீசு திறம், ஒருக்கா அடிச்சுத் தாரும்" என்றார். துறையின் தட்டச்சு இயந்திரத்தில் நான்தான் அடித்தேன். மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, நான் முன்பு அறிவித்த சேர்வை நீரற்றது என்பது தவறு, என் முறையில் நீர் புகும் இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, தவறுக்கு வருந்துகிறேன், தாங்கள் வைத்திருக்கும் இடத்தை வேறு தகுதியானவருக்குக் கொடுக்கவும். ஒரு எழுத்துப் பிழையும் விடாமல் அடித்தேன். றிபன் காய்ந்திருந்தபடியால் தவறு என்ற சொல் மங்கலாக விழுந்தது. அதை மறுபடி பின்னுக்கு இழுத்து, மேலே இரண்டாம் தரம் அழுத்தமாக அடித்துக் கொடுத்தேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். "நன்றி" என்றார்.

தாய்க்கு என்ன சொன்னார் என்று தெரியாது. அதற்குப் பிறகு அந்த அம்மா எங்கள் படலைக்கு வரவில்லை. அண்ணை ஆராய்ச்சியை முடிக்கவில்லை, அந்தப் பெட்டியைக் கழற்றி யாரோ ஒருவரின் கோழிக்கூட்டுக்குக் கொடுத்தார். தொண்ணூற்றைந்தில் இராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடிக்க வர, ஊரே எழும்பி மழைக்குள் நடந்தபோது நாங்கள் சாவகச்சேரியோடு நின்றுவிட்டோம். அண்ணை தாயைச் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டிக்கொண்டு வன்னிக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வருடம் நாங்கள் திரும்பினோம். அவர் திரும்பவில்லை. வன்னியில் கலியாணம் முடித்து, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து, பட்டதெல்லாம் பட்டு, கடைசியில் வவுனியாவில் இருந்து ஓய்வுபெற்றார். வருடத்தில் ஒரு தரம், இரண்டு தரம் தொலைபேசியில் கதைப்போம். யார் செத்தது, யார் வெளிநாடு போனது. மஞ்சளைப் பற்றி ஒரு சொல் வராது.

சென்ற பங்குனியில் தொலைபேசி எடுத்தார். தாய் போய்விட்டா என்றார். தொண்ணூறு வயதுக்கு மேல். நோய் வருத்தமில்லாத சாவு. நான் துக்கம் விசாரித்தேன். "கடைசி மட்டும் கடல் கடல் எண்டுதான் கேட்டவ" என்றார். "அந்த ஒரு வேலையை நான் ஒழுங்காச் செய்திருந்தா, எங்கையாவது ஒரு கடற்கரையிலை வைச்சிருந்திருப்பன்."

முப்பது வருடமாக வராத வாய் அப்போது வந்தது. துணிச்சல் என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்த வசனம் அவர் வாயிலிருந்து வந்தபிறகும் பேசாமல் இருக்க எனக்கு ஏலாமல் போய்விட்டது. பள்ளிக்கூடக் கொட்டகை, அந்த அம்மா காதுக்குள் சொன்னது, கல், சிமிழ், கொழும்பில் மூடுவித்த குழாய்கள், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நான் முடித்தபோது அந்தப் பக்கம் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நல்லது என்றும் இருந்தது.

"அப்ப," என்றார், குரல் மெல்லிசாக வந்தது, "நான் அடைச்சுத் தரேக்கை அதிலை தண்ணி இருக்கேல்லையோ?"

எனக்குத் தெரியாது. அந்தக் குழாய்கள் மூடியபடியே போய்ச் சேர்ந்து கருவியில் ஏறியிருந்தால் மட்டுமே தெரிந்திருக்கும். நான் கண்டது நிறத்தை. நிறம் ஒரு சாட்சி, அதற்கு மேல் இல்லை. எரித்து நிறுத்த எண்ணும் கிட்ட வந்ததே தவிரச் சரியாக வரவில்லை. எங்கோ உண்மையாகவே ஒழுகியிருக்கவும் கூடும். இனி அதை அளக்க உலகத்தில் ஒரு துகளும் மிச்சமில்லை. அளக்காததை எழுதிய பிள்ளைகளின் கொப்பியை வருடக்கணக்காகச் சிவப்புப் பேனையால் வெட்டியவள் நான்.

"இருக்கேல்லை அண்ணை" என்றேன்.

அவர் வாயைத் தொலைபேசியிலிருந்து விலக்கியது கேட்டது. "இஞ்சரும்" என்று வீட்டுக்குள் கூப்பிட்டார். "அதிலை தண்ணி இருக்கேல்லையாம்."

தேங்காய் துருவும் சத்தம் நின்றது. எதில் என்று அவருடைய மனைவி கேட்கவில்லை.

"நான் எத்தினை வருஷமாச் சொல்லுறன்" என்றா.